ஆறு வண்டியையும் நிறுத்துங்க

பேட்டரி அக்கா பஸ் பணிமனைக்குத் தலைமைப் பொறுப்பேற்று அன்றோடு இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது. பதினாறு வருஷம் அதே பணிமனையின் பேட்டரிப் பிரிவில் வேலை பார்த்ததால் வந்த பெயர் அது. பதவி வந்ததும் எல்லோரும் முகத்துக்கு நேரே 'மேடம்' என்றார்கள். முதுகுக்குப் பின்னால் பேட்டரிதான். அவள் முகம் கடுகடுவென்று இருந்தால், "இன்னிக்கு சார்ஜ் கம்மி, கிட்ட போகாதே" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். அது அவளுக்கும் தெரியும். கேட்காதது மாதிரி போய்விடுவாள்.

அவளுக்கு முன் அந்தப் பொறுப்பில் இருந்தவருக்கு 'இடி' என்று பெயர். மாடி அறையில் இருந்துகொண்டு அவர் போடும் சத்தம் வெளிகேட்டில் நிற்கும் காவலாளிக்குக் கேட்கும். ஒரு போல்ட்டு காணாமல் போனால்கூட நாலு பேரை வரிசையாக நிற்கவைத்து வாங்கு வாங்கென்று வாங்குவார். பதினோரு வருஷம் அப்படியே ஓடியது. அந்தப் பதினோரு வருஷத்தில் பணிமனையில் எதுவும் காணாமல் போகவில்லை, யாரும் எந்தத் தப்பும் செய்யவில்லை. காகிதத்தில் அப்படித்தான் இருந்தது.

அன்று காலை எட்டு மணி தாண்டியிருக்கும். அக்கா மாடி அறையில் டீயை ஒரு கையில் வைத்துக்கொண்டு, வரவேண்டிய டயர்களின் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு பாதி திறந்தது. நிதானம் நின்றார்.

நிதானம் அந்தப் பணிமனையின் மூத்த மெக்கானிக். ஐம்பத்துநாலு வயது. யார் அவசரப்படுத்தினாலும் "நிதானம், நிதானம்" என்று கையைக் காட்டுவார். அவர் கை வைத்த வண்டி வழியில் நின்றதாக யாரும் சொன்னதில்லை. அக்கா வேலைக்குச் சேர்ந்த புதிதில் 'தங்கச்சி' என்று கூப்பிட்டவர், இருபத்திரண்டு நாளாக 'மேடம்' என்கிறார். அந்தச் சொல்லில் ஒரு சின்ன முள் இருப்பதாக அவளுக்குத் தோன்றும். இந்தப் பதவிக்கு அவர் பெயரும் பரிந்துரையில் போயிருந்தது.

"உள்ள வாங்கண்ணே. என்ன?"

அவர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். முகத்தில் ரத்தமே இல்லை.

"மேடம், ஒரு விஷயம். எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"சொல்லுங்க."

"காலைல ஆறு வண்டிக்கு சக்கரம் முறுக்கினேன்ல? ஏதோ ஒரு சக்கரத்த விட்டுட்டேனோன்னு சந்தேகமா இருக்கு."

டீ டம்ளரை மேஜையில் வைக்க அக்காவுக்கு இடம் தெரியவில்லை. பட்டியலின் மேலேயே வைத்தாள்.

முந்தைய நாள் ஆறு பஸ்களுக்கு பிரேக் வேலை நடந்திருந்தது. அதற்காகச் சக்கரங்களைக் கழற்றியிருந்தார்கள். இரவு ஷிப்டு ஆட்கள் சக்கரங்களை மாட்டி, நட்டுகளைக் கையால் ஏற்றி, பஸ்களைத் தரையில் இறக்கிவிட்டுப் போவார்கள். விடியற்காலை ஷிப்டில் நிதானம் நீண்ட ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு நட்டாகக் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். ஒரு சக்கரத்துக்குப் பத்து நட்டு. அந்தக் கடைசி இறுக்கு இல்லாமல் பஸ் ஓடினால், பத்து கிலோமீட்டரோ நாற்பது கிலோமீட்டரோ, நட்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்று சக்கரம் தனியாகப் போய்விடும்.

"எந்த வண்டி?"

"அதான் தெரியல மேடம். அஞ்சேகால் இருக்கும், பொண்ணு போன் பண்ணினா. பேத்திக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்துடுச்சு, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுறோம்னு அழறா. நான் அப்படியே வெளிய ஓடி வந்துட்டேன். பேசிட்டு உள்ள வந்தா ஸ்பேனர் அதோட ஸ்டாண்டுல இருக்கு. அப்ப வேலைய முடிச்சுட்டுதான் வெச்சிருப்பேன்னு நெனச்சுட்டேன். தாள்ல டிக் போட்டுக் குடுத்துட்டேன்."

"பேத்தி எப்படி இருக்கா?"

அவர் ஒரு கணம் புரியாமல் பார்த்தார். "நல்லா இருக்கா. இப்பதான் போன் வந்துச்சு. காய்ச்சல் இறங்கிடுச்சாம், பால் குடிச்சாளாம். அந்த போனை வெச்சதும்தான் மேடம், தலையில யாரோ தட்டின மாதிரி இருந்துச்சு. ஸ்பேனரை நான் ஸ்டாண்டுல வெச்ச ஞாபகமே இல்ல."

ஆறு பஸ்களும் ஆறு மணிக்கே வெளியே போய்விட்டன. ஐந்து ஊருக்குள் ஓடுபவை, இந்த நேரத்தில் ஒவ்வொன்றிலும் படிக்கட்டு வரை ஆள் நிற்கும். ஆறாவது பஸ்ஸை ஒரு பள்ளிக்கூடம் சுற்றுலாவுக்கு எடுத்திருந்தது. அணைக்குப் போகும் மலைப்பாதை.

அலமாரியிலிருந்து காலைத் தாளை எடுத்துப் பார்த்தாள். ஆறு வரிசை, எல்லாவற்றிலும் டிக். ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே மூச்சில் போட்டது. கீழே அவளுடைய கையெழுத்து. ஆறு மணிக்கு வந்ததும் ஐந்தாறு தாள்களோடு சேர்த்து அவள் போட்டது. எதையும் படித்துப் பார்த்ததாக நினைவில்லை.

ஒரு யோசனை வராமல் இல்லை. சந்தேகம்தானே? இரண்டு மணி நேரமாக ஓடுகின்றன, ஒன்றும் ஆகவில்லை. பத்து மணிக்குக் கூட்டம் குறையும், அப்போது ஒவ்வொன்றாக உள்ளே வரச் சொல்லலாம். சத்தமில்லாமல் முடியும். இந்த யோசனை எத்தனை நொடி நின்றது என்று பின்னால் அவளே தன்னைக் கேட்டுக்கொண்டதுண்டு. மூன்று நொடி இருக்கும்.

மாடிப்படியில் இறங்கிக்கொண்டே கட்டுப்பாட்டு அறைக்குக் குரல் கொடுத்தாள்.

"ஆறு வண்டியையும் நிறுத்துங்க. எங்க இருக்கோ அங்கயே ஓரம் கட்டச் சொல்லுங்க. ஆளுங்களை இறக்கிடணும். அடுத்த ஸ்டாப் வரைக்கும்கூட ஓட்டக் கூடாது."

ரேடியோ முன்னால் உட்கார்ந்திருந்தவர் காதிலிருந்து கருவியைக் கழற்றினார். "ஆறுமா? இந்த நேரத்துலயா? மேலாளர்கிட்ட கேட்டுட்டு..."

"அவர்கிட்ட நான் சொல்லிக்கறேன். நீங்க நிறுத்துங்க."

பத்து நிமிஷத்தில் ஐந்து பஸ்கள் நின்றுவிட்டன. நாலு பேரை நாலு நீண்ட ஸ்பேனர்களோடு இரண்டு மோட்டார் சைக்கிளில் அனுப்பினாள். ஏன், எதற்கு என்று சொல்லிவிட்டாள். யார் என்று சொல்லவில்லை. இரவு ஷிப்டு ஆட்களுக்கு அவளே போன் அடித்தாள். ஸ்பேனரை யாராவது எடுத்து வைத்தார்களா என்று தெரிந்தால் ஒரு பிடி கிடைக்கும். மூன்று பேர் தொடவே இல்லை என்றார்கள். நாலாவது ஆள் விசில். வேலை செய்யும்போது ஓயாமல் விசில் அடிப்பார். வாயைத் திறந்து பேசுவது அபூர்வம். அவர் போன் அணைந்து கிடந்தது. தூங்கியிருப்பார்.

ஆறாவது பஸ்ஸுக்கு ரேடியோ எட்டவில்லை. மலையடிவாரம் தாண்டிவிட்டது. டிரைவர் ஒழுங்கான மனுஷன், வண்டி ஓட்டும்போது போனை எடுக்க மாட்டார். அன்று அந்த ஒழுக்கத்தின் மேல் அக்காவுக்கு ஆத்திரமாக வந்தது. பள்ளிக்கூடத்துக்கு அடித்து, அலுவலக எழுத்தரைப் பிடித்து, பஸ்ஸில் கூடப் போயிருக்கும் டீச்சரின் எண்ணை வாங்கினாள். மூன்றாவது மணியில் டீச்சர் எடுத்தாள். பின்னால் பிள்ளைகள் பாடுகிற இரைச்சல்.

"டீச்சர், நான் பஸ் பணிமனைலேருந்து பேசறேன். பயப்படாதீங்க. டிரைவர்கிட்ட சொல்லி வண்டிய மெதுவா ஓரமா நிறுத்தச் சொல்லுங்க. போனை வைக்காதீங்க, நான் கேட்டுட்டே இருக்கேன்."

பாட்டு நின்றது. யாரோ ஒரு பிள்ளை "வந்துடுச்சா டீச்சர்?" என்று கேட்டது. பிரேக்கின் பெருமூச்சு காதில் விழுந்த பிறகுதான் அக்கா தன் மூச்சை விட்டாள்.

"டிரைவரே சக்கரத்தப் பார்த்துட்டா போதாதா?" என்று கேட்டார் ரேடியோக்காரர்.

"அவர்கிட்ட இருக்கற குட்டை ஸ்பேனர்ல ஒண்ணும் தெரியாது. நான் போறேன்." திரும்பி, வாசலில் தூணோடு தூணாக நின்ற நிதானத்தைப் பார்த்தாள். "அண்ணே, வண்டில ஏறுங்க."

"நானா?"

"பின்ன? இறுகியிருக்கா இல்லையான்னு உங்க கைக்குத் தெரியற மாதிரி இங்க யார் கைக்குத் தெரியும்?"

வேன் கிளம்பியதும் மேலாளர் போனில் வந்தார். பணிமனை, டிரைவர்கள், வழித்தடங்கள் எல்லாவற்றுக்கும் மேல் அவர்தான்.

"ஆறு வண்டிய நிறுத்தியிருக்கீங்களாமே? ரோட்டுல ஜனங்க கத்தறாங்க. என்ன நடக்குது?"

"ஒரு சக்கரத்துல நட்டு இறுக்காம போயிருக்கலாம் சார். எதுலன்னு தெரியாததால ஆறையும் நிறுத்தினேன்."

"யாரு பார்த்த வேலை?"

நிதானம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"தாள்ல என் கையெழுத்து இருக்கு சார். மத்ததெல்லாம் திரும்பி வந்து பேசறேன்."

"நிஜமா இருந்தா சரி. ஒண்ணுமில்லாததுக்குப் பண்ணியிருந்தா எழுத்துல விளக்கம் வேணும்." போன் வைக்கப்பட்டது.

ஊரைத் தாண்டி வயல்வெளி வந்தது. அக்காவுக்குக் கோபம் இல்லாமல் இல்லை. நினைக்க நினைக்கப் பொங்கியது. இத்தனை வருஷ அனுபவம், போய் அப்படியா டிக் போடுவார் மனுஷன்? வாய் வரை வந்தது. ஆனால் அதே தாளில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டவள் அதை எந்த வாயால் கேட்பது?

முதல் போன் வந்தது. சந்தையடியில் நின்ற பஸ். "எல்லாம் இறுக்கமா இருக்கு மேடம்." இரண்டாவது, ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. அதுவும் சரி.

"உங்க படிக்கட்டுக்குக் கீழ ஏழு நிமிஷம் நின்னேன்" என்றார் நிதானம் திடீரென்று. மேடம் இல்லை, எதுவும் இல்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ரெண்டு தடவ திரும்பிப் போயிட்டேன்."

"அப்புறம் எப்படி வந்தீங்க?"

"போன வாரம் அந்த வடிகட்டி விஷயம். தப்பான நம்பர் எழுதிக் குடுத்தது நான்தான்னு எல்லார் முன்னாடியும் சொன்னீங்கல்ல."

அக்காவுக்குக் காது சூடாகியது. எஞ்சின் வடிகட்டிக்குத் தவறான எண்ணை எழுதிக்கொடுத்து, இருபது பெட்டி வேறு எதுவோ வந்து இறங்கிய கதை. ஸ்டோர்க்காரரை எல்லோரும் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தபோது அவள் நடுவில் போய், "அவர விடுங்க, எழுதினது நான்" என்று சொன்னாள். இரண்டு பேர் சிரித்தார்கள். வந்த மூன்றாவது வாரமே மானம் போயிற்று என்று அன்று வீட்டில் கணவரிடம் புலம்பியிருந்தாள்.

"அத நான் மறக்க நெனச்சுட்டிருக்கேன் அண்ணே."

"ஒரு தடவகூட யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லம்மா" என்றார் அவர். "அந்தப் பதவில இருந்துக்கிட்டு. இத்தன வருஷத்துல."

மூன்றாவது பஸ்ஸும் சரி. நாலாவதும் சரி. மலைப்பாதையின் முதல் வளைவில் வேன் திரும்பும்போது ஐந்தாவது போன் வந்தது. எல்லா நட்டும் கல்லு மாதிரி இருக்கு என்றான் போனவன். அவன் குரலில் சந்தோஷம். வேனுக்குள் யாருக்கும் சந்தோஷம் வரவில்லை. ஐந்தும் சரி என்றால் மிச்சம் இருப்பது ஒன்றுதான். வலது பக்கம் பாறை, இடது பக்கம் முழங்கால் உயரத் தடுப்புச் சுவர், அதற்கு அப்பால் வெறும் ஆகாயம். இந்த வளைவுகளில்தான் அந்த பஸ் நாற்பத்துநாலு பிள்ளைகளோடு ஏறிப் போயிருக்கிறது. நிதானம் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டார்.

பஸ் ஒரு அகலமான திருப்பத்தில், மரநிழலில் நின்றிருந்தது. பிள்ளைகளை டீச்சர் சாலையைவிட்டு உள்ளே தள்ளி ஒரு புல்வெளியில் உட்கார வைத்திருந்தாள். பாதிப் பேர் கொண்டுவந்த சாப்பாட்டை அப்போதே திறந்துவிட்டார்கள். டிரைவர் ஓடி வந்தார். "என்னங்க, வண்டி நல்லாத்தானே வந்துச்சு? ஒரு ஆட்டம்கூட இல்ல."

நிதானம் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு முன் இடது சக்கரத்தருகே குந்தினார். ஒன்று. இரண்டு. மூன்று. ஒவ்வொரு நட்டிலும் ஸ்பேனரை மாட்டி உடம்பின் பாரத்தைக் கொடுத்துப் பார்த்தார். ஒரு மயிரிழை அசையவில்லை. முன் வலது. பின் வலது. அக்கா அவர் பின்னாலேயே நடந்து, வாய்க்குள் எண்ணிக்கொண்டு வந்தாள். பின் இடதில் ஒன்பது நட்டு முடிந்து பத்தாவதில் ஸ்பேனரை மாட்டியபோது அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இறுக்கமா இருக்கும்மா."

கண்ணைத் திறந்தாள். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து, சக்கரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டார். சிரிப்பா அழுகையா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு சத்தம் அவரிடமிருந்து வந்தது. அக்கா பஸ்ஸின் படிக்கட்டில் உட்கார்ந்தாள். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

ஒரு சின்னப் பெண் வாயில் மென்றுகொண்டே வந்து நின்றது. "தாத்தா ஏன் அழறாங்க?"

"தாத்தாவுக்கு உன்ன மாதிரி ஒரு பேத்தி இருக்கா. அவளுக்குக் காய்ச்சல் சரியாயிடுச்சு" என்றாள் அக்கா.

"அதுக்கு ஏன் அழணும்?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் ஓடிவிட்டது.

திரும்பி வரும்போது அந்த நிம்மதி மெல்ல வேறு மாதிரி ஆகியது. ஆறும் சரி. அப்படியென்றால் ஒன்றுமில்லாததற்கு ஊரையே நிறுத்தியாயிற்று. நிதானத்தின் முகம் மறுபடி சுண்டிப்போனது. "உங்கள மாட்டி விட்டுட்டேன்மா" என்றார். "வாய மூடிட்டு இருந்திருக்கலாம்."

"அண்ணே, அந்தப் பத்தாவது நட்டுக்கு முன்னாடி நான் என்ன நெனச்சேன்னு உங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சா இப்படிப் பேச மாட்டீங்க. இன்னொரு தடவ சந்தேகம் வந்தா, ஏழு நிமிஷம் கீழ நிக்காம நேரா மேல வந்துடுங்க. அவ்வளவுதான் எனக்கு வேணும்."

மேலாளர் மத்தியானம் கூப்பிட்டு அனுப்பினார். திட்டவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது. நாற்பத்தியோரு புகார் வந்திருக்கிறது என்றார். நாளைக் காலைக்குள் விளக்கம் எழுதித் தரவேண்டும், மெக்கானிக்கின் பெயரோடு. அக்கா மாடி அறைக்கு வந்து ஒரு தாளை எடுத்து வைத்து, 'நிறுத்தச் சொன்னது நான்' என்று முதல் வரி எழுதினாள். இரண்டாவது வரி வரவில்லை.

மூன்று மணிக்கு விசில் வந்தார். குளித்த தலையை ஒழுங்காகத் துவட்டக்கூட இல்லை, சட்டையில் ஒரு பொத்தான் மாறிப் போட்டிருந்தது. "போனைத் திறந்தா உங்ககிட்டேருந்து பதினோரு கால் இருக்கு மேடம்." அவர் இவ்வளவு நீளமாகப் பேசி அக்கா கேட்டதில்லை. "வீட்டுக்காரி சொன்னா, ரோட்டுல பஸ் எல்லாம் நின்னுச்சுன்னு. அந்த ஸ்பேனர் விஷயமா?"

அக்கா எழுந்துவிட்டாள். "நீங்களா எடுத்து வெச்சீங்க?"

"கை கழுவப் போனேன் மேடம். நாலாம் நம்பர் வண்டிக்குப் பக்கத்துல தரையில கெடந்துச்சு. அண்ணன் எதையும் தரையில போட மாட்டாரே, அதனால பின் சக்கரத்து நட்ட ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தேன். சுத்துச்சு. பத்தும் லூசு. நானே முறுக்கிட்டு ஸ்பேனரை ஸ்டாண்டுல வெச்சுட்டு வீட்டுக்குப் போயிட்டேன்."

நாலாம் நம்பர் என்பது ஆஸ்பத்திரி வழியாகப் போகும் பஸ். அப்போ சந்தேகம் இல்லை, நிஜம். இந்த மனுஷன் கை கழுவ அந்தப் பக்கம் போகாமல் இந்தப் பக்கம் போயிருந்தால்?

"அத ஏன் யார்கிட்டயும் சொல்லல?" அன்று முழுக்க வராத சத்தம் இப்போது வந்தது. கீழே வேலை செய்துகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

விசில் தரையைப் பார்த்தார். "சொன்னா அண்ணனுக்குப் பிரச்சினை ஆகும். போட்டுக்குடுத்தவன்னு எனக்கும் பேர் வரும். இடி சார் காலத்துலேருந்து நாங்க இப்படித்தான் மேடம். ஒருத்தர் விட்டத இன்னொருத்தர் பார்த்தா சரி பண்ணிட்டுப் பேசாம போயிடறது."

பதினோரு வருஷம் யாரும் எந்தத் தப்பும் செய்யாத பணிமனை என்றால் இதுதான். அவளும் அதே கூட்டத்தில் ஒருத்திதானே. பேட்டரிப் பிரிவில் எத்தனை தடவை அவளே அப்படிச் செய்திருக்கிறாள்! சத்தம் அடங்கியது.

"கத்தினதுக்கு மன்னிச்சுக்கங்க" என்றாள். "நீங்க இன்னிக்கு எத்தன உயிரைக் காப்பாத்தியிருக்கீங்கன்னு தெரியல. ஆனா அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, நான் மலை ஏறியிருக்க வேண்டாம்."

விசில் போன பிறகு மேஜை மேல் அந்த ஒற்றை வரித் தாள் கிடந்தது. இப்போது அதை எப்படி எழுதுவது? ஒன்றுமில்லாததற்கு நிறுத்தினாள் என்று மேலாளர் நினைத்தால் குற்றம் அவளோடு போகும். உண்மையை எழுதினால் அவள் செய்தது சரி என்று ஆகும், நிதானம் மாட்டுவார். ஓய்வுக்கு நாலு வருஷம் இருக்கும் மனுஷன். கொஞ்ச நேரம் பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பிறகு கீழே போய் அவரைத் தனியாகக் கூப்பிட்டு விசில் சொன்னதைச் சொன்னாள்.

நிதானம் கையிலிருந்த துணியால் ஏற்கெனவே துடைத்த கையை மறுபடி துடைத்தார்.

"அப்ப நெஜமாவே விட்டிருக்கேன்."

"ஆமா அண்ணே."

"வாங்க போலாம்" என்றார். "மேலாளர்கிட்ட நானே சொல்றேன். நீங்க எனக்காகப் பூசி மெழுகினா, நாளைக்கு உங்க மூஞ்சில முழிக்க முடியாது."

இரண்டு பேரும் போனார்கள். மேலாளர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். நிதானம் பேத்தி கதையைச் சொல்லவே இல்லை. ஸ்பேனரைப் போட்டுவிட்டுப் போனேன், பார்க்காமல் டிக் போட்டேன், என் தப்பு என்றார். அக்காதான் பேத்தியைச் சொன்னாள். தாளைப் படிக்காமல் தான் போட்ட கையெழுத்தையும் சொன்னாள்.

"விதிப்படி இவர உடனே சஸ்பெண்ட் பண்ணணும்" என்றார் மேலாளர்.

"பண்ணலாம் சார். ஆனா இவரா வந்து சொன்னதாலதான் நமக்கு இது தெரியும். சொன்னவரை நிறுத்தினா, இனிமே என்கிட்ட யாரும் எதையும் சொல்ல மாட்டாங்க. அப்புறம் நான் அந்த மாடி ரூம்ல உக்காந்து வெறும் டிக்கை மட்டும்தான் பார்த்துட்டு இருக்கணும்."

மேலாளர் ஜன்னல் வழியே கீழே நிற்கும் பஸ்களைப் பார்த்தார்.

"நானும் ஒரு காலத்துல டிக் போட்டவன்தான்" என்றார் கடைசியில். "ரெண்டு பேருக்கும் எச்சரிக்கைக் கடிதம். ரெண்டு பேருக்கும்னு சொன்னேன், கேட்டுச்சா? இனிமே சக்கரத்துக்கு ரெண்டு ஆள். ஒருத்தர் முறுக்கணும், இன்னொருத்தர் இழுத்துப் பார்க்கணும், கையெழுத்து அந்த சக்கரத்துக்குப் பக்கத்துலயே. போங்க."

வெளியே தாழ்வாரத்துக்கு வந்ததும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டார்கள். அதைக் கேட்டு இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"கடிதத்த பிரேம் போட்டு மாட்டலாமா தங்கச்சி?" என்றார் நிதானம்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் ஒன்பதாவது படிக்கும் மகள் பையைத் தரையில் போட்டபடி பிடித்துக்கொண்டாள். "அம்மா, உங்க பஸ்ஸு நடுரோட்டுல இறக்கி விட்டுடுச்சு! கணக்குப் பரீட்சைக்கு அரை மணி நேரம் லேட்டு. யாரும்மா அப்படி நிறுத்தச் சொன்னது? எந்த மண்டையில மசாலா இல்லாத ஆளு?"

சமையலறையிலிருந்து கணவர் எட்டிப் பார்த்தார். அவருக்கு விஷயம் தெரியும், உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"நான்தான்டி" என்றாள் அக்கா. மகளை இழுத்து, அவள் திமிறத் திமிறக் கட்டிக்கொண்டாள். எந்த பஸ் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

அடுத்த நாள் ஷிப்டு தொடங்கும்போது நடந்ததை எல்லோரிடமும் நிதானமே நின்று சொன்னார். அக்கா ஓரமாக நின்றாள். யாரும் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு வாரம் அவள் அறைக்கு ஆள் வந்துகொண்டே இருந்தது. ஒரு பஸ்ஸின் அவசரக் கதவு சரியாகத் திறக்கவில்லை, இரண்டு மாதமாகத் தெரியும் என்றார் தச்சு வேலைக்காரர். ஜாக்கி ஒன்று எண்ணெய் கசிகிறது, துணி சுற்றி ஓட்டுகிறோம் என்றார் இன்னொருவர். ஒவ்வொன்றையும் கேட்கும்போது அக்காவுக்குத் திக்கென்றது. கேட்டு முடித்ததும், நல்லவேளை, இப்போதாவது தெரிந்ததே என்று தோன்றியது. அந்த வாரம் கணவரிடம் அவள் புலம்பவில்லை. படுத்தால் தூக்கம் வந்தது.

சனிக்கிழமை விசில் வந்தார். கதவருகே நின்றுகொண்டு தொண்டையைச் செருமினார். அக்கா பேனாவைக் கீழே வைத்தாள்.

"சொல்லுங்க. எவ்வளவு பெரிசு?"

"பெரிசுதான் மேடம்." அவர் மறுபடி செருமினார். "போன மாசம் உங்க பிறந்தநாளுக்கு எல்லாரும் சேர்ந்து கேக் வாங்கி ஸ்டோர்ல வெச்சிருந்தாங்க. பூனை தின்னுடுச்சுன்னு சொன்னாங்கல்ல?"

"ஆமா?"

"பூனை இல்ல."

அக்கா சிரித்த சிரிப்பு கீழே பணிமனை முழுக்கக் கேட்டது. என்ன விஷயம் என்று நிதானம் ஸ்பேனரோடு படிக்கட்டு வரை வந்து பார்த்தார். விசில் அதற்குள் விசில் அடித்துக்கொண்டே இறங்கிக்கொண்டிருந்தார்.